சொல்லிட்டுப் போங்க

அந்த அறையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. நாம் எல்லாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதுதான்: போறேன்.

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் போட்ட தடை அது. சட்டையில் பெயர் அட்டை குத்தியிருப்பார், ஆனால் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சீனத் தாய்மார்களுக்கும் மலாய்த் தாய்மார்களுக்கும் எங்களுக்கும் அவர் ஆன்ட்டிதான். நானும் இங்கே பெயரைச் சொல்லப் போவதில்லை. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். இடுப்பில் பிள்ளையை வைத்து வைத்து உடம்பே வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. பிள்ளை இல்லாமல் வெறுமனே நடந்து போகும்போதும் அதே சாய்வுதான்.

ஒருமுறை ஏர்கான் பழுதுபார்க்க ஒரு தமிழ்ப் பையன் வந்திருந்தான். வேலையை முடித்துவிட்டு, "ஆன்ட்டி, முடிஞ்சது, போறேன்" என்று ஏணியைத் தூக்கினான். ஆன்ட்டி அவனைக் கதவிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போப்பா. பிள்ளைங்க கேக்குதுங்க."

"ஆன்ட்டி, நான் திரும்பி வந்தா ஏர்கான் மறுபடி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்."

"கெட்டாக் கெடட்டும் லா. நீ சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டே ஆறு கைக்குழந்தைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

கிளம்பும்போது போறேன் என்று சொல்லக் கூடாது என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அபசகுனம் என்பார் என் அம்மா. ஆன்ட்டிக்குச் சகுனத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. "சகுனமெல்லாம் பெரியவங்களுக்கு. இது பிள்ளைக்குச் சொல்ற தகவல். போறேன்னா பாதித் தகவல். மீதி எங்க?" என்று கேட்பார். பை பை என்று கையாட்டிவிட்டுப் போகும் தாய்மார்களையும் விட மாட்டார். "பைன்னா பைதான். அதுல திரும்பி வர்றது எங்க இருக்கு?" ஒரு சீனத் தாய் இதைக் கேட்டுவிட்டு, தமிழிலேயே மனப்பாடம் செய்து, "போய்த்து வாரேன்" என்று எங்களைவிட உரக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். அவளுடைய பிள்ளைக்கு வேறு தமிழ்ச்சொல் எதுவும் தெரியாது.

எனக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. யார் என்னைச் செய் என்று சொன்னாலும் செய்யாமலிருப்பது என் பிறவிக் குணம். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஷிப்ட்டு வேலை. என் கணவர் தஞ்சாவூர்க்காரர், இங்கே கட்டுமானத்துறையில் இன்ஜினியர், எந்நேரமும் சைட்டில் இருப்பார். என் அம்மா நான் படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். அதனால் மகன் கவினை ஐந்து மாதத்தில் ஆன்ட்டியின் அறையில் கொண்டுபோய் விட்டோம்.

முதல் நாளே என்னிடம் ஒரு பழைய துணி கேட்டார். "நீங்க உடுத்துனது. நைட்டி, துப்பட்டா, எதுவா இருந்தாலும் சரி." நான் நல்ல பருத்தித் துப்பட்டா ஒன்றை எடுத்து, வாசனைத் திரவம் ஊற்றித் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுல கடை வாசம்தான் வருது, கவின் அம்மா. உங்க வாசம் எங்க? ரெண்டு நாள் போட்டு வேர்த்ததக் கொண்டாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் அழுக்கு நைட்டியை ஒரு பையில் ஒளித்துக் கொண்டுபோனேன். கவின் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான் என்று மாலையில் சொன்னார். அந்த அறையில் ஆறு தொட்டில்கள், ஆறு தொட்டிலிலும் ஆறு தாய்மார்களின் அழுக்குத் துணிகள். சுத்தம் பார்க்க வரும் அதிகாரிகள் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது.

ஒன்பது மாதம் வரை கவின் யாரிடம் கொடுத்தாலும் போனான். அதற்குப் பிறகு ஒரு நாள் திடீரென்று, நான் கதவைத் தாண்டும்போது வீரிட்டு அழுதான். மறுநாளும் அழுதான். அவன் அழுகை லிப்ட் வரைக்கும் கேட்கும். நான் பஸ்ஸில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அப்புறம் எல்லாத் தாய்மார்களும் கண்டுபிடிக்கும் வழியை நானும் கண்டுபிடித்தேன். அவன் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து நைசாக நழுவிவிடுவது. அழுகைச் சத்தம் கேட்காது, மனசுக்கும் நிம்மதி, பஸ்ஸும் கிடைக்கும்.

மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பார்த்தால், கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆன்ட்டி ஓடி வருகிறார். காலில் அறைக்குள் போடும் செருப்பு. மூச்சு வாங்குகிறது. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"என்னாச்சு ஆன்ட்டி?"

"ஒண்ணும் ஆகல. சொல்லிட்டுப் போங்க."

"என்னது?"

"அவன்கிட்ட சொல்லாம வந்துட்டீங்க. சொல்லிட்டுப் போங்க."

பஸ் வந்து நின்றது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஆன்ட்டி, சொன்னா அழுறான்!" என்று கத்தினேன்.

"அழட்டும். அழுதா முடிஞ்சிரும். நீங்க காணாமப் போனா முடியாது. மூணு நாளா அவன் ஒரு பொம்மையத் தொடல. கதவையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான். பொம்மையப் பாத்தா அம்மா மறைஞ்சிருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டான்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு "போயிட்டு வர்றேன்" என்றேன். கவின் அழுதான். பஸ் போய்விட்டது. அன்று இருபது நிமிடம் தாமதமாக வேலைக்குப் போய்ப் பேச்சு வாங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிலையத்தின் பிரின்சிபாலுக்கு ஒரு நீண்ட புகார் எழுதி அனுப்பினேன். பிள்ளையைப் பாதுகாப்பில்லாமல் சாலைக்குத் தூக்கி வந்தார் என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் எழுதியவளின் நெஞ்சு எனக்குத்தானே தெரியும்.

ஆன்ட்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஒரு மாதம் பெரிய பிள்ளைகளின் அறைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த பெண் கெட்டிக்காரிதான், ஆனால் கவின் அவள் கையால் பால் குடிக்கவில்லை. பாட்டிலைத் தட்டிவிட்டான். எடை குறைந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்று என் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். மாதம் முடிந்து ஆன்ட்டி திரும்பி வந்த காலையில், தலையைக் குனிந்துகொண்டு "மன்னிச்சிருங்க ஆன்ட்டி" என்றேன்.

"எதுக்கு? பஸ்ஸ விட்டது நீங்கதானே" என்று கவினை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் பெரிய பிள்ளைகளின் அறையில் அவர் நிலாவைப் பார்த்திருக்கிறார். மூன்று வயதுப் பெண். ஆறு மாதத்தில் சேலத்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டு, அப்போதுதான் அப்பா அம்மாவிடம் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்திருந்தாள். முதல் நாளிலிருந்தே அழவில்லை. அம்மா விட்டுவிட்டுப் போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாலையில் அம்மா வந்தால் சந்தோஷப்படுவதும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். டீச்சர்கள் எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இப்படி ஒரு சமத்துப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றார்கள்.

ஆன்ட்டிக்கு மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடும். கைக்குழந்தைகள் அறைக்குத் திரும்பிய பிறகும் தேநீர் இடைவேளையில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார்.

"மத்தியானம் தூங்கும்போது கால்ல போட்ட சப்பாத்தக் கழட்ட மாட்டேங்குது, கவின் அம்மா. படுக்கையிலயும் சப்பாத்து. எப்ப யாரு கூட்டிட்டுப் போவாங்களோன்னு ரெடியா இருக்கு."

இன்னொரு நாள், வேறொரு பிள்ளையை அழைக்க வந்த அப்பா ஒருவர் கையை நீட்ட, நிலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள். ஆன்ட்டி தடுத்து, "எங்கடா போற?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாது" என்றாளாம். பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு ஆன்ட்டி தொடர்ந்தார்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்வாங்க. அழுகுற பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைங்க. கூப்பிட்டா ஆள் வரும்னு அதுக்கு நம்பிக்கை இருக்கு. அழாத பிள்ளையத்தான் நாம பாக்கணும்."

நிலாவின் அம்மா ஒரு நாள் வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். "என்னைய ஆன்ட்டின்னு கூப்பிடுறா, ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி அவளைத் தேற்றவில்லை. வேலை கொடுத்தார். தினமும் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, போயிட்டு வர்றேன் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் பழம் சாப்பிட்டு முடிக்கும்போது வருவேன் என்று சொன்னால், பழம் சாப்பிட்டு முடிக்கும்போது வந்து நிற்க வேண்டும். வர முடியாத நாளில் வருவேன் என்று சொல்லவே கூடாது. "அவ பாக்கலன்னாலும் சொல்லுங்க. கேக்காத மாதிரி இருப்பா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

நான்கு மாதம் போனது. ஒரு காலை கவினை விடப் போனபோது நிலையமே அதிர்ந்துகொண்டிருந்தது. நிலா தரையில் விழுந்து புரண்டு, "அம்மா போகாத, அம்மா போகாத" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். டீச்சர்கள் பதறுகிறார்கள். நிலாவின் அம்மா பேயறைந்தது மாதிரி நிற்கிறாள். ஆன்ட்டி ஒரு கையில் பால் பாட்டிலோடு தன் அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"அழுதுருச்சு! பாத்தீங்களா, அழுதுருச்சு!" என்று அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களத்தான் கூப்பிடுது, உங்களத்தான்!"

பிள்ளை அழுவதை இப்படிக் கொண்டாடும் மனுஷியை உலகத்தில் எங்கே பார்ப்பது? நிலாவின் அம்மாவும் சிரித்தாள், அழுதாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே நான் என் பிள்ளையைத் தஞ்சாவூருக்கு அனுப்ப டிக்கெட் போட்டேன்.

அடிப்பாவி என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. கணவருக்கு ஒன்றரை வருடம் இந்தோனேசியாவின் பத்தாம் தீவில் வேலை போட்டுவிட்டார்கள், வாரத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். எனக்கு இரவு ஷிப்ட்டு மாதத்தில் பத்து நாள். நிலையமோ மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். மாமனாரும் மாமியாரும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். "நாங்க தூக்கிட்டுப் போறோம்மா, ரெண்டு வருசம் கண்ணு மாதிரிப் பாத்துக்குறோம்" என்றார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு தப்பும் இல்லை. நிலாவுக்கு நடந்தது நம் பிள்ளைக்கு நடக்காது என்று ஒரு கொழுப்பு எனக்கு. மூன்றாம் மனிதர் வீட்டுக்கா அனுப்புகிறோம், சொந்த ரத்தம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நிலையத்திலிருந்து பிள்ளையை நிறுத்தும் படிவத்தை ஆன்ட்டியிடம் கொடுத்தபோது அவர் படித்துப் பார்த்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன், பதில்களைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பிளைட்டு எத்தனை மணிக்கு?"

"ராத்திரி பதினொன்றரை. தூங்கிட்டிருப்பான், கஷ்டம் தெரியாது."

படிவத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டில் ஞாயிறு மாலைக் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளையல் கடை வாசலில் அந்தச் சாய்ந்த இடுப்பைப் பின்பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். கடைக்காரர் பொறுமையிழந்து, "சொல்லுங்கம்மா, ரெண்டு நாலா, ரெண்டு ஆறா? எந்த சைஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆன்ட்டி தன் ஐந்து விரல்களையும் குவித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்கு ஆன்ட்டி?"

"மகளுக்கு. அடுத்த மாசம் வளைகாப்பு. திருச்சியில." பிறகு மெதுவாக, "கை அளவு தெரியல" என்றார்.

அவருக்கு ஒரு மகள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒன்பது மாதமாக எங்கள் பிள்ளைகளின் பல், பேதி, காய்ச்சல் எல்லாம் பேசியிருக்கிறோம். அவருக்குப் பிள்ளை உண்டா என்று ஒரு தாயும் கேட்டதில்லை. ஒவ்வோர் அளவிலும் ஒரு டஜன் வாங்கிக்கொண்டார். நான் அவரைத் தேக்கா சந்தையில் ஒரு கிளாஸ் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனேன்.

"அப்ப ஜூரோங்ல ஃபேக்டரி வேலை" என்று ஆரம்பித்தார். கிளாசைக் கையில் பிடித்திருந்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை. "ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பாத்துக்க ஆள் இல்ல. எங்க வீட்டுக்காரரோட அக்கா திருச்சியில. அவங்களுக்குப் பிள்ளை இல்ல. எங்க நாத்தனாரப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன், தங்கமாப் பாத்துக்கிட்டாங்க. பதினோரு மாசத்துல கொண்டு போனேன். ரெண்டு வாரம் கூட இருந்தேன். கெளம்புற அன்னிக்கு மத்தியானம் அவ தூங்கிட்டிருந்தா. என் முந்தானையக் கையில சுத்திக்கிட்டுத்தான் தூங்குவா. முழிச்சா அழுவா, அப்படியே கெளம்பிருன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒவ்வொரு விரலா எடுத்து விட்டுட்டு வந்தேன்."

கிளாசை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மூணு வருசம் கழிச்சுத்தான் போக முடிஞ்சுச்சு. நாத்தனார் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா. இது யாருன்னு சொல்லுன்னாங்க. 'சிங்கப்பூரம்மா'ன்னா. அவங்கதான் அம்மா. நான் சிங்கப்பூரம்மா. ஆறு வயசுல இங்க கூட்டிட்டு வந்தேன். பகல்ல தூங்கவே மாட்டா, கவின் அம்மா. கண்ணு சொக்கும், உக்காந்தே இருப்பா. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு நான் இருக்கேனான்னு வந்து பாப்பா. சரி, வாடான்னு கட்டிக்கிட்டா கட்டை மாதிரி வெறைச்சுக்குவா. நான் போயிரவும் கூடாது, கிட்ட வரவும் கூடாது. என்ன செய்யறதுன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு வருசம் பாத்தேன். ஒரு நாள் அவளே சொன்னா, 'எங்க அம்மாகிட்ட என்னைய விட்டுருங்க'ன்னு. கொண்டு போய் விட்டேன். அந்தத் தடவ முழிச்சுத்தான் இருந்தா. நான்தான் அழுதேன். அவ அழல."

பக்கத்து மேசையில் யாரோ தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். ஆன்ட்டி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்றாங்கள்ல? எந்தப் பிள்ளையும் கல்லாப் பொறக்கல."

"அனுப்ப வேணாமா ஆன்ட்டி?" என்றேன்.

"அனுப்பாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வேற வழியில்லாம எத்தனை பேரு அனுப்புறாங்க, எல்லாப் பிள்ளையும் கெட்டா போகுது? உங்க கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனா தூங்கும்போது அனுப்பாதீங்க. முழிச்சிருக்கும்போது அவன் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. சொல்ல வாய் வருதான்னு பாருங்க."

வீட்டுக்கு வந்தேன். மாமியார் பெட்டியில் கவினின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கவின் தரையில் ஒரு டப்பா மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். நான் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தேன். பதினாலு மாதப் பிள்ளைதானே, என்ன புரியப் போகிறது, சும்மா சொல்லிப் பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, மூடியை என்னிடம் நீட்டினான்.

போயிட்டு வர்றேன் என்று சொல்ல முடியாது, போவது நான் இல்லை. நீ போயிட்டு வா என்றால் எப்போது? பழம் சாப்பிட்டு முடிக்கும்போதா? இரண்டு வருடம் என்பதை அவனுக்கு எந்த வார்த்தையில் சொல்வது? வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மாமியார் பதறிப்போய் ஓடி வந்தார்.

டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தோம். மாமியாருக்கு வருத்தம். "நான் பாத்துக்க மாட்டேனா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இரண்டு மாதம் என்னோடு போனில் பேசவில்லை. எனக்கு வரவிருந்த சீனியர் பதவியை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, பகல் நேரம் மட்டும் இருக்கும் சின்னக் கிளினிக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். இதையெல்லாம் நான் ஒரு பெரிய தியாகத் தாய் என்பதற்காகச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். பிள்ளையை அனுப்பியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் கிடையாது. மயிரிழையில் தப்பியவள் நான்.

திங்கட்கிழமை கவினைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது, ஆன்ட்டி ஒன்றும் கேட்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து மடித்த படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதை அவர் அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை.

வளைகாப்புக்குப் போய் வந்து, "ரெண்டு ஆறுதான் சரியா இருந்துச்சு. சின்னக் கையாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். தாயாக மணையருகில் நின்றது நாத்தனாராம். இவர் மூன்றாவதாக வளையல் போட்டாராம். அதற்கே முகம் மலர்ந்திருந்தது.

கவினுக்கு இரண்டரை வயதாகும்போது ஒரு மாலை என்னை நிறுத்திச் சொன்னார். மகள் திருச்சியிலிருந்து கூப்பிட்டாளாம். நாத்தனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம்.

"'அம்மாவுக்கு முடியல, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்னால தனியா முடியல, நீங்க வந்து பாத்துக்குறீங்களா'ன்னு கேட்டா."

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிடுகிறாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"வர்றேன்னு சொல்லிட்டேன். முப்பது வருசத்துல அவ என்னைய வாங்கன்னு கூப்பிட்டது இதுதான் மொத தடவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளையும் இருக்குல்ல. இப்பத்தான் ஒரு வயசு. அவ வேலைக்குக் கெளம்பும்போது அதுக்கு யாரு சொல்றது?"

பிரின்சிபால், பிள்ளைகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், கலவரமாகிவிடும், வழக்கம்போலக் கிளம்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். வழக்கம்போல! ஆன்ட்டியிடமா சொல்வது? கடைசி நாள் மாலை நான் போனபோது அவர் பெரிய பிள்ளைகளின் அறையில் இருந்தார். தன் கையில் வளர்ந்து அந்த அறைக்குப் போன பிள்ளைகள் ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு எழுந்தார். முழங்கால் வலிக்கிறது என்பது எழும்போது தெரிந்தது. கவினின் முறை வந்தது.

"கவின் கண்ணா, ஆன்ட்டி போறேன்."

கவின் முகத்தைச் சுளித்தான். விரலை நீட்டி மிரட்டினான். "போறேன் சொல்லக் கூடாது! போயிட்டு வர்றேன் சொல்லு!"

அவன் என்னையும் அப்பாவையும் ஏர்கான்காரரையும் இப்படித்தான் திருத்துவான். எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. ஆன்ட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டார். நான் மனசுக்குள் கெஞ்சினேன்: சொல்லிவிடுங்கள் ஆன்ட்டி, ஒரே ஒரு பொய், சின்னப் பிள்ளை, மறந்துவிடுவான்.

"இல்லடா தங்கம்" என்றார். "ஆன்ட்டி திரும்பி வர மாட்டேன். இது போறேன்தான்."

அவன் அவரையே பார்த்தான். பிறகு வாய் கோணி, பெருங்குரலெடுத்து அழுதான். நான் தூக்கப் போனேன். "இருங்க" என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார். மடியில் போட்டுக்கொண்டு, அவன் அழுது முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். தட்டிக்கொடுக்கவில்லை, பொம்மை காட்டவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. அழுகை விக்கலாகி, விக்கலும் நின்ற பிறகு அவனை என்னிடம் கொடுத்தார். சாய்ந்த இடுப்போடு நடந்து கதவைத் திறந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை கவினைக் கொண்டுபோய் விட்டேன். "ஆன்ட்டி திருச்சி போயிட்டாங்க" என்று வாசலில் என்னிடமே சொன்னான். சொல்லிவிட்டு நேராகப் போய்க் கட்டைகளைக் கொட்டி அடுக்க ஆரம்பித்தான். நான் குந்தி உட்கார்ந்து, "போயிட்டு வர்றேன்டா" என்றேன். "ம்" என்றான், தலையை நிமிர்த்தவில்லை.

அவன் ஒரு தடவைகூடக் கதவைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.